அரை மாத்திரை அடக்கம்

பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை வேளையில் சற்று நேரம் நின்றால் போதும். மாணவர்களைவிட அவசரமாக நடப்பவர் இவ்வுலகில் எவருமில்லை என்பது விளங்கிவிடும். தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயில் நின்றதும், முதுகில் பையும் காதில் கருவியுமாக இளைஞர் கூட்டம் இறங்கும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியுள்ள எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்தை நோக்கி அக்கூட்டம் ஆறு போலப் பாயும். அந்த ஆற்றின் கரையில், நடைமேடைத் தூணோடு தூணாக, ஒரு பெரியவர் ஒதுங்கி நிற்பதுண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"முப்பத்தைந்து வருடம் என்னைக் கண்டதும் மாணவர்கள் ஒதுங்கி நின்றார்கள். இப்போது நான் ஒதுங்கி நிற்கிறேன். கணக்கு நேராகிவிட்டது" என்று தம் வயதுடைய நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆசிரியருடைய நகைச்சுவை பெரும்பாலும் இலக்கணத்திலிருந்தே பிறக்கும். மகன் வீட்டோடு வந்து தங்கிய புதிதில், "பள்ளியில் இருந்தவரை நான் முதலெழுத்து. இப்போது சார்பெழுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலெழுத்துகள் தாமே தனித்து நின்று ஒலிப்பவை. சார்பெழுத்துகள் பிறிதொன்றைச் சார்ந்து வருபவை. சம்பளம் வாங்கியவர் ஓய்வூதியம் வாங்குகிறார். வீட்டுத் தலைவராக இருந்தவர், மகன் வீட்டில் எந்த நாற்காலி தமக்குரியது என்று பார்த்து அமர்கிறார். சிரித்துக்கொண்டே சொன்ன சொல்தான். ஆனாலும் அதன் அடியில் சிறிது வருத்தம் இருந்தது அவருடைய மனைவிக்குத் தெரியும்.

"என்னங்க, தமிழில் மொத்தம் 247 எழுத்து, அதில் முதலெழுத்து முப்பதுதான் என்று நீங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள்? மீதி 217-ம் ஒன்றையொன்று சார்ந்துதானே நிற்கிறது? முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'அம்மா' என்று எழுத முடியுமா?"

ஆசிரியர் சிந்தித்தார். நன்னூலார் உயிர்மெய்யையும் சார்பெழுத்தாகவே வகுத்திருக்கிறார். 'அம்மா'வில் உள்ள 'மா' உயிர்மெய். எனவே முடியாது. முப்பத்தைந்து வருடம் வீட்டில் உரக்கப் பாடம் தயாரித்ததன் பலன், எதிர்வாதமாகத் திரும்பி வந்திருந்தது. அன்றோடு அந்தச் சிலேடையைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அவரைச் சார்பெழுத்தாக்கியதில் கைப்பேசிக்கும் பெரும்பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் அதற்கு ஆசிரியை. ரயில் டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம் என்று அவள் நான்கு முறை சொல்லிக் கொடுத்தாள். நான்கு முறையும் தாத்தாவுக்குப் புரிந்தது. ஐந்தாம் முறை கடவுச்சொல் மறந்துவிட்டது.

"தாத்தா, நேற்றுத்தானே சொல்லிக் கொடுத்தேன்? கவனம் எங்கே இருக்கிறது?"

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இரண்டு வாக்கியங்களும் அவருடையவை. எத்தனை ஆயிரம் முறை அவற்றை வகுப்பறையில் வீசியிருப்பார்! வீசிய பந்து சுவரில் பட்டு, இத்தனை ஆண்டு கழித்து, பேத்தியின் குரலில் திரும்பி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரசிம்மருக்கு உகந்த சுவாதி நட்சத்திரமும் கூடி வந்தது. சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் சென்று வரலாம் என்று தாத்தாவும் பேத்தியும் புறப்பட்டனர். பாட்டிக்கு முழங்கால் வலி. "எனக்கும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்" என்று வீட்டிலிருந்தே கும்பிட்டு அனுப்பினார்.

பொத்தேரிக்கு அடுத்து காட்டாங்குளத்தூர். அதற்கடுத்து மறைமலை நகர். அதற்கும் அடுத்தது சிங்கப்பெருமாள்கோவில். மறைமலை நகரில் ரயில் நின்றபோது பேத்தி சன்னல் வழியே பெயர்ப்பலகையைப் படித்தாள். பிறகு நாலாபுறமும் பார்த்தாள்.

"தாத்தா, இங்கே மலை எங்கே இருக்கிறது? மறைந்து போய்விட்டதா? அதனால்தான் மறைமலையா?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். ஆசிரியர் சிரிக்கவில்லை. கேள்வி நன்றாகவே இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"இது ஒரு பெரியவரின் பெயர், அம்மா. மறைமலையடிகள். அவரும் என்னைப் போல் தமிழாசிரியர்தான். ஆனால் என்னைப் போல் ஆயிரம் பேரை ஒன்றாகச் சேர்த்தாலும் அவர் ஆகமாட்டார்."

சொல்லிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினத்தில் 1876-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த பெற்றோர், திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரரை வேண்டிப் பெற்ற பிள்ளை. அதனால் அந்த ஈசன் பெயரையே, வேதாசலம் என்று சூட்டினார்கள். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. பிற்காலத்தில், 1916-ஆம் ஆண்டு, தனித்தமிழ்மீது கொண்ட பற்றினால் தம் பெயரை மறைமலை என்று அவரே மாற்றிக்கொண்டார்.

"ஆகவே நீ தேடிய மலை மறைந்து போகவில்லை. இதே பாதையில் செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து பேருந்தில் சென்றால் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது. மலை அங்கே, அதன் பெயர் மட்டும் ஒரு மனிதர் வழியாக இங்கே வந்து நகரமாகிவிட்டது."

அடிகளாருக்கு நான்கு ஆண்மக்கள். திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், சுந்தரமூர்த்தி, திருநாவுக்கரசு என்று நால்வர் பெருமக்களின் பெயர்களையே அவர்களுக்குச் சூட்டியிருந்தார். "சாப்பிட வாருங்கள் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாலே அந்த வீட்டில் நால்வரையும் வணங்கிய புண்ணியம் கிடைத்திருக்கும்" என்றார் ஆசிரியர். "உங்கள் அப்பனை நான் கூப்பிட்டால் அந்தப் புண்ணியமும் இல்லை, பதிலும் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார். பேத்தி, அதை அப்பாவிடம் சொல்வதற்காக நினைவில் முடிந்துகொண்டாள்.

அடிகளார் வேலைக்குச் சேர்ந்த கதையைத் தமிழாசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்வதுண்டு. ஆண்டு 1898. இன்று தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி அன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது; தாம்பரத்துக்கு வந்தது 1937-இல்தான். அங்கே தமிழாசிரியர் பணிக்கு இளைஞர் வேதாசலம் வந்து நிற்கிறார். தேர்வு செய்பவர் பரிதிமாற்கலைஞர் எனப் பெயர் பூண்ட வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுச் சொல்லுமாறு கேட்கிறார். இளைஞர் சொன்ன விடை: "அஃது எனக்குத் தெரியாது."

சுற்றியிருந்தவர்கள் திகைத்தார்களாம். சாஸ்திரியாரோ, "இவரையே நியமிக்கலாம்" என்று மகிழ்ந்தாராம்.

"தெரியாது என்று சொன்னவருக்கா வேலை கொடுத்தார்கள்?" பேத்தியின் கண்கள் விரிந்தன. கணக்குத் தேர்வில் இந்த வழி செல்லுபடியாகுமா என்று மனத்துக்குள் பார்த்தாள் போலும்.

"அங்கேதான் சூட்சுமம். குற்றியலுகரம் என்றால் குறுகி ஒலிக்கும் உகரம். முழு உகரத்துக்கு ஒரு மாத்திரை; இதற்கு அரை மாத்திரைதான். 'அஃது', 'எனக்கு', 'தெரியாது' மூன்று சொல்லையும் மெல்லச் சொல்லிப் பார். மூன்றுமே குறுகிய உகரத்தில்தான் முடிகின்றன. முதலாவது ஆய்தத் தொடர், இரண்டாவது வன்தொடர், மூன்றாவது உயிர்த்தொடர். கேட்டது ஓர் எடுத்துக்காட்டு, கொடுத்தது மூன்று. அதையும் 'தெரியாது' என்ற பணிவுக்குள் வைத்துக் கொடுத்தார்."

பேத்தி மூன்று சொற்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஆமாம் தாத்தா! 'து' சின்னதாக வருகிறது!"

ரயில் நகர்ந்தது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர் வழக்கமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. மடியில் இருந்த தேங்காய்ப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

பணிக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ நடந்தது அது. ஏழாம் வகுப்பு. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, ஆய்த எழுத்துக்கு மட்டும் ஏன் மூன்று புள்ளி?" என்று கேட்டான். இளம் ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. கைவசம் இருந்தது நகைச்சுவை ஒன்றுதான். "அந்த மூன்று புள்ளியையும் உன் நெற்றியில் வைத்துக்கொள், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிறுவனும் சிரித்தான்; சிரித்துக்கொண்டே அமர்ந்தான். ஆண்டு முடியும்வரை அவன் வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் ஆசிரியர் அதைக் கவனித்தார். கவனித்தும், கூப்பிட்டுப் பேசவில்லை. ஓர் ஆசிரியர் மாணவனிடம் போய் என்னவென்று சொல்வது?

அடிகளாரைப் போல் விளையாட்டாகவாவது, "அஃது எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். அந்த 'அஃது'வில் சிறுவன் கேட்ட மூன்று புள்ளியும் இருந்தது.

சிங்கப்பெருமாள்கோவில் வந்தது.

பாடலாத்ரி நரசிம்மர் ஆலயத்தை அறியாதவர் அப்பகுதியில் இலர். பாடலம் என்றால் சிவப்பு. அத்ரி என்றால் மலை. ஜாபாலி முனிவரின் தவத்துக்கிரங்கி, இரணியனை அழித்த சினத்தோடு, சிவந்த கண்களோடு பெருமாள் இங்கே காட்சி தந்தார் என்பது தலபுராணம். மலையைக் குடைந்து அமைத்த குகைக் கருவறை. ஆதலால் மூலவரை வலம்வர வேண்டுமானால் மலையையே சுற்றி வரவேண்டும். இத்தலத்துக்குரிய மற்றொரு சிறப்பு, நெற்றியில் மூன்றாவது கண்ணுடன் நரசிம்மர் வீற்றிருப்பது. அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது திருமண்காப்பைச் சற்றே விலக்கி அக்கண்ணைச் சேவிக்கச் செய்வார்.

அன்றும் பட்டர் அவ்வாறே காட்டினார். கற்பூர ஒளியில் கீழே இரு கண்கள், மேலே ஒரு கண்.

பேத்தி தாத்தாவின் வேட்டி நுனியை இழுத்தாள். "தாத்தா, பெருமாள் முகத்தில் ஃ இருக்கிறது!"

ஆசிரியருக்கு உடல் சிலிர்த்தது. மூன்று புள்ளியை நெற்றியில் வைத்துக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் ஏளனமாகச் சொன்ன சொல், சந்நிதியில் வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து தோத்திரமாக வந்து நின்றது. கைகள் தாமாகக் குவிந்தன. என்ன வேண்டிக்கொண்டார் என்பது அவருக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும்.

தீர்த்தமும் துளசியும் பெற்று, மலையைச் சுற்றி நடந்தார்கள். வழியில் பிரகலாதன் கதை. தூண் பிளந்ததும் கதை முடிந்துவிடும் என்று எண்ணிய தாத்தாவுக்கு, பேத்தி புதிய வாயிலொன்றைத் திறந்தாள்.

"பிரகலாதனுக்கு வாத்தியார்கள் இருந்தார்களே, அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?"

எழுபது வயதில் முதன்முறையாக இக்கேள்வியை ஆசிரியர் எதிர்கொண்டார். சுக்கிராசாரியாரின் புதல்வர்களான சண்டன், அமர்க்கன் என்ற இருவர்தாம் பிரகலாதனின் ஆசிரியர்கள். அவர்களை நினைத்தால் பணிபுரிந்த எவருக்கும் இரக்கமே உண்டாகும். மேலதிகாரியோ இரணியன்; மாணவனோ மேலதிகாரியின் மகன்; பாடத்திட்டத்தில் இல்லாத நாராயண நாமத்தை அவன் சொல்கிறான். "இதை நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை, வேறு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்று நடுங்கியபடி அவர்கள் முறையிட்டதைப் பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தம் கூறுகிறது. அவர்கள் வீட்டு வேலையைக் கவனிக்கச் சென்றிருந்த நேரத்தில், பிரகலாதன் உடன்பயிலும் பிள்ளைகளை அமர்த்திப் பகவானின் பெருமையைச் சொன்னான். திரும்பி வந்து பார்த்தால் வகுப்பு முழுவதும் மாறியிருந்தது. இவ்வளவும் ஆசிரியருக்குத் தெரியும். அதன்பின்?

நாவில் ஒரு வேடிக்கைச் சொல் எழுந்தது. "அவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பொத்தேரியில் குடியேறிவிட்டார்கள்" என்று சொல்லியிருந்தால் குழந்தை சிரித்திருக்கும், கேள்வியும் போயிருக்கும். ஆசிரியர் அதை விழுங்கினார்.

"அது எனக்குத் தெரியாது, அம்மா."

சொல்லியாயிற்று. மலை இடிந்து விழவில்லை. பேத்தியின் முகத்தில் ஏமாற்றமும் இல்லை. தாத்தாவுக்குத் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமிதமே இருந்தது.

"பட்டரிடம் கேட்கலாமா?"

கேட்டார்கள். பட்டர் புருவத்தை உயர்த்தினார். "இத்தனை வருஷமாய்ச் சேவிக்க வருகிறார்கள், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை, வாத்தியார் சார். இரணியனைக் கேட்பார்கள், தூணைக் கேட்பார்கள். வாத்தியாரை யார் கேட்கிறார்கள்?" என்று சிரித்தார். பிறகு குழந்தையைப் பார்த்து, "நீயே சொல்லேன், என்ன ஆகியிருப்பார்கள்?" என்றார்.

அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"பிரகலாதனிடமே பாடம் படித்திருப்பார்கள்."

பட்டர் சடாரியை இன்னொரு முறை அவள் தலையில் வைத்தார். புராணத்தில் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. சுவாமிமலையில் இருக்கிறதல்லவா! பிரணவத்தின் பொருளைப் பிரமனிடம் வினவி, அவர் விழித்தபோது சிறையிலிட்டான் முருகன். அப்பொருளைத் தான் அறிய வேண்டுமென்று தந்தையாகிய பரமசிவனே மகனிடம் கேட்டார். வாய்புதைத்து, சீடனாய் அமர்ந்து கேட்டார். எல்லாம் அறிந்தவருக்குத் தெரியாதது ஏது? ஆயினும் அறியாதவர்போல் அமர்ந்தார். பிரமன் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு சிறைப்பட்டார். ஈசன் தெரியாதவராக அமர்ந்து சிவகுருநாதனைப் பெற்றார். சுவாமிமலையில் இன்றும் மகன் மலைமேல், தந்தை அடிவாரத்தில். தகப்பன்சாமி என்று நாம் கொண்டாடும் அத்திருக்கோலத்தில், கற்பிப்பவனுக்குரிய பெருமை எத்துணையோ, கேட்டுக்கொள்பவருக்குரிய பெருமையும் அத்துணை உண்டு.

வீடு திரும்பியதும், பாட்டியிடம் பேத்தி அன்றைய செய்திகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அப்பாவைப் பற்றிய புண்ணியக் கணக்கு, தாத்தாவுக்குத் தெரியாமற்போனது, பெருமாள் முகத்தில் ஃ, எல்லாம். ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து, இத்தனை காலம் மனைவியிடமும் சொல்லாதிருந்த அந்த ஏழாம் வகுப்புக் கதையை மெல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இன்றுவரை எனக்கும் தெரியாது, ஏன் மூன்று புள்ளி என்று" என்றார்.

மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "இதில் தெரியாததற்கு என்ன இருக்கிறது? எங்கள் அம்மா வீட்டில் மூன்று கல் வைத்துத்தான் அடுப்பு மூட்டுவோம். இரண்டு கல்லில் பானை நிற்குமா?"

ஆசிரியர் நிமிர்ந்து அமர்ந்தார். ஆய்தத்தின் வடிவை அடுப்புக்கூட்டு என்று பழைய உரையாசிரியர்களும் குறிப்பிட்டிருக்கிறார்கள். எப்போதோ படித்தது இப்போது நினைவுக்கு வந்தது. சமையலறையில் ஒரு விடை இத்தனை ஆண்டு காத்திருந்திருக்கிறது. கேட்டிருந்தால் மறுநாளே அந்தச் சிறுவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். "நேற்று நீ கேட்டது எனக்குத் தெரியவில்லையப்பா, வீட்டில் கேட்டு வந்தேன்" என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

அந்தச் சிறுவனுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கிருக்கிறான் என்று அறிய வழியில்லை. ஆனால் மறுவாரம் முதல் ஆசிரியரின் நாட்குறிப்பில் ஒரு புதிய பக்கம் தொடங்கியது. மேலே ஃ என்று போட்டு, கீழே பேத்தி கேட்டு அவருக்கு விடை தெரியாத கேள்விகளை வரிசையாக எழுதுகிறார். ஞாயிறுதோறும் இருவரும் யாரிடமேனும் போய்க் கேட்கிறார்கள். சில வேளை பட்டரிடம், சில வேளை எதிர்வீட்டுக் கல்லூரி மாணவனிடம், பெரும்பாலும் பாட்டியிடம். இரண்டு மாதத்தில் பதினொரு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. நான்குக்கு விடை கிடைத்திருக்கிறது. "தேர்ச்சி விழுக்காடு குறைவுதான். ஆனால் வகுப்பில் யாரும் அழவில்லை" என்கிறார் ஆசிரியர்.

வயது ஏறும்போது குரல் சற்றுக் குறுகினால் குறையொன்றுமில்லை. சொல்லின் கடைசியில் வரும் உகரம் அரை மாத்திரையாகக் குறுகி நிற்கிறது. குறுகியும், சொல் நிறைவுறுவது அதனால்தான். பேரப் பிள்ளை அடுத்த முறை விடை தெரியாத கேள்வியொன்றைக் கேட்டால், அதட்டவும் வேண்டாம், வேடிக்கை பேசி மழுப்பவும் வேண்டாம். "தெரியாது, கண்ணே, வா, கேட்டு வருவோம்" என்று எழுந்து நிற்கலாம். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை கோயிலுக்கு நடப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?